நீல மூடி, வெள்ளை மூடி

"இந்த மருந்தை இனிமே ஒரு வீட்டு வாசலுக்கும் நான் தூக்கிட்டுப் போக மாட்டேன் சார்."

நர்ஸ் இதைச் சொன்னபோது பேராசிரியரின் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. விழுங்குவதா, பதில் சொல்வதா என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்யப் பார்த்து இருமினார். டாக்டர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

சுகாதார நிலையத்தின் ஒரே கூட்ட அறை அது. மற்ற நாட்களில் தடுப்பூசிப் பெட்டிகள் அடுக்கும் இடம். இன்று பெட்டிகளை மறைத்து ஒரு பேனர்: பல்கலைக்கழகமும் சுகாதார நிலையமும் கைகோத்து நடத்திய ஆய்வு. கைகோத்தது பொய்யில்லை. ஒரு கை எழுதியது, இன்னொரு கை பாட்டில் சுமந்தது.

ஆய்வு எளிமையானதுதான். குழந்தைகளுக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு வரும் இரண்டு தெருக்கள். ஆற்றோரத் தெருவுக்கு நீல மூடி பாட்டில், பள்ளிக்கூடத் தெருவுக்கு வெள்ளை மூடி பாட்டில். ஒன்றில் நோயைத் தடுக்கும் மருந்து. மற்றதில் அதே நிறம், அதே ருசியில் வெறும் சர்க்கரைப் பாகு. பெற்றவர்கள் சம்மதித்துத்தான் வாங்கினார்கள். எதில் எது என்று பேராசிரியருக்கே முந்தாநாள் வரை தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

முடிவு வந்துவிட்டது. மருந்து குடித்த தெருவில் நோய் பாதியாகக் குறைந்திருந்தது. இனி இரண்டு தெருவுக்கும் கொடுக்கலாம், அப்புறம் ஊருக்கே கொடுக்கலாம். வெளியே வராந்தாவில் தாய்மார்கள் காத்திருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியவள் நர்ஸ்.

நர்ஸின் அக்கா வீடு பள்ளிக்கூடத் தெருவில்தான். அக்காவின் ஒரே பையன் போன மாதம் வயிற்றுப்போக்கில் செத்துப்போனான்.

"உங்க மனசு எனக்குப் புரியுது சிஸ்டர்" என்றார் டாக்டர்.

"புரியாது டாக்டர். புரியவும் வேணாம்."

"நீங்க சொன்னாத்தான் அவங்க வாங்குவாங்க" என்றார் பேராசிரியர். "நான் போய்ப் பேசினா, என் வகுப்புப் பசங்க தூங்குற மாதிரி அவங்களும் தூங்கிடுவாங்க. வராந்தாவுல நல்ல காத்து வேற."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று அவரும் நினைக்கவில்லை. சங்கடம் வந்தால் அவருக்கு ஜோக் வந்துவிடும், தும்மல் மாதிரி.

"அந்த மருந்து வேலை செய்யாது சார்."

"பாதியாக் குறைஞ்சிருக்கு சிஸ்டர். திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பாத்துட்டோம்."

"இன்னும் போடுங்க. உங்களுக்குக் கணக்குப் போட அலுக்காது. குடிச்ச பிள்ளை பொழைக்கணும் சார். எனக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பையன் போன அன்னிக்கு நானும் வந்தேன். உங்க அக்கா வீட்டுக்குள்ள வர தைரியம் இல்ல. தெருமுனையிலயே நின்னுட்டுத் திரும்பிட்டேன். அவனுக்கு வெறும் பாகு போயிருக்குமோ, நாமளே கொன்னுட்டோமோன்னு சோறு இறங்கல. முந்தாநாள் எது எதுன்னு பாத்தப்பதான் மூச்சு வந்தது." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எந்தத் தெருவுக்கு மருந்து போச்சுன்னு நினைக்கிறீங்க?"

"இதுல நினைக்கிறதுக்கு என்ன இருக்கு? நீலம். மொத நாளே தெரிஞ்சுபோச்சே. எல்லாரும் நீல மூடி பாட்டிலைத்தானே கையில வெச்சுக்கிட்டுப் போட்டோ எடுத்தீங்க. சர்க்கரைப் பாகைப் புடிச்சுக்கிட்டு யாராவது போட்டோவுக்கு நிப்பாங்களா?"

பேராசிரியர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பேனரைப் பார்த்தார்.

"அது போட்டோக்காரர் பண்ணின வேலைம்மா" என்றார் பேராசிரியர். "எல்லாரும் வெள்ளைச் சட்டையில நிக்கிறீங்க, வெள்ளை மூடி எடுபடாது, நீலத்தைப் புடிங்கன்னார். நாங்களும் புடிச்சோம்."

"அப்போ?"

"வெள்ளைதான் மருந்து."

நர்ஸ் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்பது மறந்தவள்போல மறுபடி உட்கார்ந்தாள்.

டாக்டருக்குப் பேச்சு வந்துவிட்டது. "பாத்தீங்களா சிஸ்டர்? உங்க அக்கா பையனுக்கு நல்ல மருந்துதான் கிடைச்சிருக்கு. அதையும் மீறிப் போயிட்டான். எந்த மருந்தும் நூத்துக்கு நூறு காப்பாத்தாது. இதுல யார் மேலயும் தப்பு இல்ல."

"நிச்சயமா வெள்ளைதானா சார்?"

"நிச்சயம். நீங்க இனிமே தைரியமாப் போய்ச் சொல்லலாம்" என்றார் பேராசிரியர். அவர் குரலில் அவருக்கே ஆறுதல் சொல்லிக்கொள்ளும் இதம் இருந்தது.

நர்ஸ் வராந்தாவுக்கு வந்தாள். தாய்மார்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, "என்ன சிஸ்டர், எங்களுக்கும் உண்டா?" என்றாள்.

யாரும் கூப்பிடாமலே வந்து கடைசியில் நின்றிருந்த அக்கா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நர்ஸின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள்.

"ஏண்டி முகம் இப்படி வெளுத்துக் கெடக்கு? உன்னைக் குறை சொன்னாங்களா?"

நர்ஸ் இல்லை என்று தலையசைத்தாள்.

"சொன்னா என்னைக் கூப்புடு, நான் பேசிக்கிறேன்" என்றாள் அக்கா, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டபடி. "எங்க வீட்டுக்கு வந்த வெள்ளை மூடியை எல்லாம் சாக்கடையில கொட்டிட்டு, வாராவாரம் யாருக்கும் தெரியாம நீல மூடியாப் பாத்துக் கொண்டுவந்து அவனுக்கு உன் கையாலயே ஊட்டுனியே, பெத்தவ நானே அவ்வளவு செஞ்சிருக்க மாட்டேன்டி."