இடது பக்கத்து மரை

“அந்தப் பொண்ண வேலைக்கு வச்சிருக்காரே ஒங்க வீட்டுக்காரரு, ஒங்களுக்கு ஒன்னுமே தோணலியா அக்கா?” பக்கத்துத் தையல் கடை ரபீகா இப்படிக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது.

“தோணாம என்ன? தூக்கமே வரமாட்டேங்குது” என்றாள் அன்னலட்சுமி.

“அப்ப வாயத் தொறந்து சொல்லுங்களேன்.”

“சொன்னா சிரிப்பாரு ரபீகா.”

இன்னமும் சொல்லவில்லை. கடுகண்ணாவை ஊரில் இருந்த அவர்கள் பட்டறையின் மூலையில், தன் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

லேத் என்கிற கடைசல் மெஷினின் முன்னால் கணவர் ராஜலிங்கமும், புதிதாக வேலைக்கு வந்த ஞானேஸ்வரியும் தோளோடு தோள் உரச நின்றார்கள்.

அக்குறணை லாபிர் நானா பழுது பார்க்கக் கொடுத்த பழைய சாணை மெஷின் மேசைமேல் பிரிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் கல் சுற்றுகிற மெஷின். ஒரு பக்கக் கல்லை இறுக்கும் நட்டு பிடிக்கவேயில்லை. தண்டின் அந்த நுனியில் நட்டு ஏறுகிற திருகு வரி, அந்த மரை, தேய்ந்து வழவழத்துவிட்டது. ராஜலிங்கம் வெல்டிங் வைத்து நிரப்பி, அளவுக்குக் கடைந்து வைத்திருந்தார். இனிப் புது மரை வெட்ட வேண்டியதுதான்.

“நீயே வெட்டும்மா” என்று விலகி நின்றார்.

கல்யாணமாகி வந்து இந்த மூலையில் உட்கார்ந்த பதினான்கு வருஷத்தில் அவர் யாருக்காகவும் அப்படி விலகி நின்று அன்னலட்சுமி பார்த்ததில்லை.

ஞானேஸ்வரி ஹேவாஹெட்டக்காரி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, இரண்டு பட்டறைகளில் வேலை பார்த்தவள். அவளிடம் குறை தேடித் தேடி அன்னலட்சுமிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று: பால் விடாத பிளேன்டி குடித்த கோப்பையைக் கழுவாமல் வைப்பாள். நேற்றிலிருந்து அதையும் கழுவி வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆயுத பூஜையன்று அந்த லேத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது அன்னலட்சுமிதான். மறுநாள் பக்கத்தில் போனாலே, “பாத்து, கை போயிரும்” என்பார் ராஜலிங்கம்.

ஞானேஸ்வரியிடம் அவர் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

அன்னலட்சுமி கதிரையை முன்னால் நகர்த்திப் போட்டாள்.

லேத்தின் வெட்டுளி தண்டின் வெளி நுனிக்கு வந்து நின்றது. அங்கிருந்து உள்நோக்கி ஓடப்போகிறது. அப்படி ஓடினால் விழுவது வழக்கமான, வலமாக இறுகும் மரை.

காலையில் தண்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தது அன்னலட்சுமிதான். இப்போது லேத்தின் பிடிக்குள் மறைந்திருக்கும் மறுநுனியில் மரை நன்றாக இருந்தது. நட்டை மாட்டிக்கூடப் பார்த்தாள். எல்லா நட்டையும்போல வலமாகத் திருக இறுகியது. அப்படியென்றால் அது வலது பக்கம். தேய்ந்தது இடது. கல் சுற்றுகிற வேகத்தில் நட்டு கழன்றுவிடாதிருக்க, இடது பக்கத்து மரை தலைகீழாக ஓடவேண்டும்.

“நிறுத்துங்க! அது எடது பக்கம். எதிர் மரை வெட்டணும்.”

ஞானேஸ்வரியின் கை சுவிட்சை அடித்து லேத்தை நிறுத்தியது.

ராஜலிங்கம் தண்டைக் கழற்றி மறுநுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் காது சிவந்தது.

“அட, ஆமா. நானும் கவனிக்கலியே. ஒனக்கு எப்புடித் தெரியும்?”

“நல்லவேள அக்கா” என்றாள் ஞானேஸ்வரி. “இல்லாட்டி லாபிர் நானா என்னயத்தான் சாணை புடிச்சிருப்பாரு.”

அன்னலட்சுமி சிரிக்கவில்லை.

தண்டு மறுபடி லேத்தில் ஏறியது. ஞானேஸ்வரி கியரை மாற்றி, உளியை உள்பக்கம் நகர்த்தி வைத்தாள். கைப்பிடியில் கை வைத்தாள்.

அன்னலட்சுமி கதிரையை விட்டு எழுந்தாள். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகினாள். பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டாள். நேராக அவர்களை நோக்கி நடந்தாள்.

ராஜலிங்கம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஞானேஸ்வரியிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். தெருவில் பேசுவது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

“லெட்சுமி, நீ நெனைக்கிற மாதிரி ஒன்னும்…”

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. கைப்பிடியில் இருந்த அந்தக் கையையே பார்த்தாள்.

“கொஞ்சம் தள்ளிக்கம்மா” என்றாள் ஞானேஸ்வரியிடம்.

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். அந்தக் கைப்பிடியைத் தானே பற்றிக்கொண்டாள்.

“இத நான் வெட்டுறேங்க.”