ஏழாம் மாடியில் ஒரே மாற்றம்

நான்கு மணிக்குக் கான்கிரீட் ஊற்ற வேண்டும்! அதற்குள் செம்பூர் அலுவலகத்தில் ரஞ்சனா கணினியில் கட்டட மாடலின் இரு பதிப்புகளை ஒப்பிட்டாக வேண்டும். புதிதாகச் சேர்ந்தவை பச்சையாகத் தெரியும்.

தெரிந்தது ஒன்றே ஒன்று. ஏழாம் மாடி லிஃப்ட் குழியின் விளிம்பில் ஒரு மனித உருவம்! நீக்கினாள். அடுத்த பதிப்பிலும் நின்றது.

தாராவி சைட்டில் இருக்கும் சூப்பர்வைசர் இசக்கிதுரைக்குப் போன் போட்டாள்.

"ஏழாவது மாடி லிஃப்ட் குழிகிட்ட யாரு நிக்கறா?"

"நான்தான் நிக்கேன், மேடம்."

"தள்ளிப் போ! சீக்கிரம்!"

"பேயப் பாத்த மாதிரில்லா கத்துதிய!" சிரித்தபடி நகர்ந்தான்.

தடார்! அவன் நின்றிருந்த பலகை குழிக்குள் விழுந்தது.

"மேடம்... பொழச்சேன்!"

ரஞ்சனா துள்ளிக் குதித்தாள். மறுபடி ஒப்பிட்டாள்.

விளிம்பு காலி. குழியின் அடியில் ஓர் உருவம் சிவப்பாகக் கிடந்தது. முந்தைய பதிப்பில் இருந்தவற்றில் இதில் நீக்கப்பட்டவைதான் சிவப்பாகத் தெரியும். அவன் சாவும் நீக்கப்பட்டுவிட்டது.