கலைவாணி வீட்டு மயில்

"மயில் பத்து, கிளி இருபது மிஸ்."

மூன்றாம் வகுப்பு கொல்லென்று சிரித்தது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கலைவாணி மட்டும் சிரிக்கவில்லை.

"டூப்பு விடுறா மிஸ்!" என்றான் ரெஹான். "அவங்க தெருவுல காக்கா கூட கிடையாது."

"ஆமா மிஸ், காக்கா கிடையாது. தெருவுல பாவு நூலை நீட்டும்போது பட்டு மேல எச்சம் போட்டுடும்னு எல்லாரும் விரட்டிடுவாங்க. இதெல்லாம் எங்க வீட்டுக்குள்ள இருக்குது."

டீச்சரின் பெயர் ஏலவார்குழலி. அதை முழுதாகச் சொன்னால் பாதி பீரியட் போய்விடும் என்று பிள்ளைகள் குழலி மிஸ் ஆக்கிவிட்டார்கள். திருமுக்கூடலில் ஆற்றங்கரையில் வளர்ந்தவள். பறவை என்றால் உயிர். 'வீட்டில் இருந்தபடியே கண்ணில் படுகிற பறவைகளை எண்ணி எழுதி வாருங்கள்' என்று வகுப்புக்கே வேலை கொடுத்தவள் அவள்தான். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். லீவு போடுவதற்குள் பறவைக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வேறு.

கலைவாணியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நிஜமாவே மயிலா?"

"நிஜமா மிஸ். நேத்து எட்டுதான் இருந்துச்சி. காலையில இன்னும் ரெண்டு வந்துடுச்சி. அப்பாதான் வர வச்சாரு."

குழலி நோட்டை வாங்கி மூடி வைத்தாள். மயிலைப் பிடித்து வைத்தால் ஜெயில்தான் என்று போன வாரம்தான் இதே வகுப்பில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தாள்.

"அதுங்களுக்கு என்ன தீனி போடுறீங்க?"

"அதுங்க ஒண்ணும் சாப்பிடாது மிஸ். அப்பாதான் சோறு தண்ணி இல்லாம அதுங்க கூடவே உட்கார்ந்துக்கினு இருப்பாரு."

"பறந்து போயிடாதா?"

"நல்லா இழுத்துக் கட்டியிருக்குது மிஸ். அப்பா எழுந்து போனா துணி போட்டு மூடிடுவாரு."

அட பாவி மனுஷா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள் குழலி. "நான் வந்து பாக்கலாமா?"

கலைவாணி பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரல் இடுக்கு வழியாகவே சொன்னாள். "ஐயோ, யார் வேணா பாக்கலாம். நீங்க மட்டும் பாக்கக் கூடாதாம் மிஸ்! இன்னொரு பறவை கூட இருக்குது. எழுதினா சிரிப்பீங்கன்னு எழுதல."

நீங்க மட்டும்! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? புகார் கொடுத்தால் இந்தக் குழந்தையின் அப்பா உள்ளே போவார். கொடுக்காவிட்டால் இத்தனை நாள் நடத்திய பாடமெல்லாம் ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிவிடும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டிக்கொள்ளப் போகிற தினகரனுக்குப் போன் போட்டாள்.

தினகரனுக்குப் பேங்கில் வேலை. காக்காவுக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளையார்பாளையம் கந்தனா?" என்றான். "குழலி, அந்த வீட்டுக்கு மட்டும் போயிடாத."

"தப்பு பண்றவங்களுக்கு நீங்களும் சப்போர்ட்டா?"

"சப்போர்ட்டெல்லாம் இல்லம்மா... வந்து... வெயில் ஜாஸ்தியா இருக்குது பாரு."

பட்டென்று போனை வைத்தாள். பறவை என்று வாயைத் திறந்தாலே பேச்சை மாற்றுகிற மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று உண்மையிலேயே அழுகை வந்தது.

சாயங்காலம் பள்ளி விட்டதும் கலைவாணியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்கே போய்விட்டாள். உள்ளே இருந்த கந்தன் டீச்சரைக் கண்டதும் துள்ளி எழுந்தார். ஒரு போர்வையை உதறி எதையோ அவசரமாக மூடினார். ஓடி வந்து வாசற்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"வாங்க டீச்சர்... உள்ள வேணாம் டீச்சர், ஒரே தூசி."

"நகருங்க. பத்து மயில் இருக்குன்னு உங்க பொண்ணே சொல்லிட்டா."

கந்தன் மகளை முறைத்தார். "எண்ணிக்கையோடவா சொல்லி வச்ச?"

"ஹோம்வொர்க்குப்பா," என்றாள் கலைவாணி பாவமாக.

குழலி அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கூண்டு இல்லை. ஓர் இறகு கூட இல்லை. அறை நிறையத் தறிதான் இருந்தது. அதன் மேல் கிடந்த போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

இலைப்பச்சைப் பட்டு. அதன் கரையில் வரிசையாக ஜரிகை மயில்கள். மயிலுக்கு மயில் நடுவே கிளிகள். கடைசியாக, கலைவாணி எழுதாமல் விட்டது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிற இருதலைப்பட்சி.

காஞ்சிபுரத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு இது தோன்றாமல் போயிற்றே! குழலி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"இதுக்கா இவ்வளவும்? உங்களைப் பிடிச்சுக் கொடுக்கணுமேன்னு எனக்கு மத்தியானம் சோறே இறங்கலை. ஒரு சேலையைப் போய் ஒளிப்பாங்களா? அதுவும் என்கிட்ட மட்டும்?"

கந்தன் தலையைச் சொறிந்தார். "ஆர்டர் குடுத்தவரு அப்படி சத்தியம் வாங்கிக்கினாரு டீச்சர். கட்டிக்கப் போற பொண்ணுக்குப் பறவைன்னா உசுராம். எந்தப் பறவைன்னு கேட்டா அவருக்குச் சொல்லத் தெரியல. 'இருக்கிறது எல்லாத்தையும் போட்டுடுப்பா'ன்னுட்டாரு."

குழலியின் சிரிப்பு பாதியில் நின்றது.

கலைவாணி அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, முகூர்த்தச் சேலையை மிஸ் இப்பவே பாத்துட்டாங்களே... தினகரன் சார் திட்டுவாரா?"