சீமைக்கு மஞ்சள் இலை

அவள் புகையிலைக் கம்பனிக் கண்காணியின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் இலையை முகர்ந்தான். திருப்பி மறுபடி முகர்ந்தான்.

புருஷன் தில்லையம்பலம் கிணற்றுத் துலா மிதிக்க, அவள் பட்டை பிடித்து இறைத்து வளர்த்த இலை.

வாய்க்குப் போடுகிற புகையிலைக்கு இனி ஆளில்லை. திருவிதாங்கூர்க்காரன் தீர்வையை ஏற்றிவிட்டான். கடல் தாண்டிப் போன சிப்பங்கள் அங்கேயே கிடந்து உளுத்தன.

மஞ்சள் இலை நடு என்றது கம்பனி. சீமையில் சிகரெட்டுக்கு எடுக்கிறார்கள். ஒரே ராசாவின் குடிகள் என்று நமக்குத் தீர்வை குறைவு, அமெரிக்காக்காரனுக்குத்தான் கூட.

தில்லையம்பலம் முழுத் தோட்டத்தையும் மஞ்சள் இலைக்கே கொடுத்தான்.

இலை உலர்த்தும் சூட்டறைக்குள் தகரக் குழாய் வழியாக வெக்கை மட்டும் போகவேண்டும். இலையில் புகை படக்கூடாது.

அவன் காய்ச்சலில் விழுந்த அன்று அவள்தான் சூடு பார்த்தாள். ஒரு இலையைக் கிள்ளி வாயில் வைத்தாள்.

சப்பென்றிருந்தது. காரமே இல்லை.

இதையா சீமைக்கு அனுப்புவது? வாயில் வைத்தவன் தோட்டக்காரனை என்ன நினைப்பான்?

குழாயைக் கழற்றி வைத்தாள். தேங்காய் மட்டையும் பனை ஊமலும் அடுக்கித் தணல் போட்டாள். வாய்ப் புகையிலைக்குப் போட்டுக் கை அறிந்த வேலை. கண் எரிய எரியக் கூடவே நின்றாள்.

இலை கறுத்தது. மணந்தது.

காய்ச்சல் விட்டு எழுந்தவன் இலையைப் பார்த்தான். கொடுக்க வேறு இலை இல்லை. வண்டியைப் பூட்டினான்.

கண்காணி ஒரு துண்டு கிள்ளிக் கன்னக் கொடுப்புக்குள் அடக்கினான். அவனும் இந்த ஊர்க்காரன்தான், கோட்டு மட்டும் புதிது. அவன் கண் ஒருகணம் சொக்கியது.

"லண்டன்ல ஆர் அக்கா வெத்திலை போடுறது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவன் துப்பவில்லை. மென்றுகொண்டே கட்டுகளை ஒதுக்கச் சொன்னான். எல்லாவற்றையும்.

இறக்கியதை அவளும் புருஷனுமாகத் திரும்ப ஏற்றினார்கள்.

வழியெல்லாம் அவள் ஏச்சுக்குக் காத்திருந்தாள். ஊர் கேட்க ஏசினால் நல்லது. அதோடு முடிந்துவிடும்.

சந்தையடி தாண்டியதும் தில்லையம்பலம் வண்டியை நிறுத்தினான். கட்டுக்குள் கைவிட்டு ஒரு இலையை உருவினான். நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு மென்றான்.

கனநேரம் மென்றான்.

"நல்லாய்த்தான் போட்டிருக்கிறாய் புகை," என்றான், மாட்டைப் பார்த்தபடி.

கலியாணமான நாளிலிருந்து அவன் அவளை மெச்சியதில்லை.

ஏசியிருந்தால் வண்டியிலேயே இருந்திருப்பாள். அவள் வண்டியைவிட்டு இறங்கினாள். பின்னால் நடந்தே வந்தாள்.