மிதவை வரைக்கும் வெயில்

"தைச்சது நான். வெயில்ல காயறதும் நானா?"

டெய்லரம்மா கேட்டது காதில் விழாத மாதிரி, படகுக்காரர் நிழல் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"காத்து அடிக்குதும்மா. துணி கிழிஞ்சிடும்."

"எந்தக் காத்து? ஒரு இலைகூட அசையலை."

"கரையில அப்படித்தான் இருக்கும். தண்ணிக்கு மேல வேற காத்து."

முட்டை அட்டைகளை மடியில் அணைத்தபடி எதிரே உட்கார்ந்திருந்த முட்டைக்காரர் சிரித்தார்.

"யோவ், அடிக்கிற வெயிலுக்கு அக்கரை போறதுக்குள்ள முட்டை அவிஞ்சிடும். அப்புறம் நான் உரிச்சுத்தான் விக்கணும்."

அந்த மோட்டார் படகில் ஆட்கள் உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. டெய்லரம்மாவுக்கு அக்கரை ஆஸ்பத்திரியில் வேலை. படுக்கை விரிப்பு, நோயாளிகள் போடும் அங்கி எல்லாம் அவள் தையல்தான். ஏரியைக் கடந்து போய் மெஷினில் உட்காரும்போதே தலை விண் விண்ணென்று தெறிக்கும்.

பொறுத்துப் பார்த்தாள். போன மாதம் அவளே கித்தான் வாங்கி, ஊசிகளை ஒடித்துக்கொண்டு, ஒரு நிழல் தைத்துக் கொடுத்தாள். ஓரமெல்லாம் இரட்டைத் தையல். மூலைக்கு ஒரு வளையம், வளையத்துக்கு ஒரு கயிறு. படகில் நாலு குழாயை நிறுத்தி அதில் கட்டிவிட்டால் கூரை. மழை, புயல் என்றால் அவிழ்த்துச் சுருட்டி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

கழற்றுகிற மாதிரி தைத்ததுதான் தப்பாகப் போயிற்று.

காலையில் அவள் துறைக்கு வரும்போது நிழல் விரிந்திருக்கும். அவள் படகில் கால் வைத்ததும் அவிழ்க்க ஆரம்பித்துவிடுவார். பாதி ஏரியில் ஒரு சிவப்பு மிதவை கிடக்கிறது. அதைத் தாண்டியதும் இன்ஜினை மெதுவாக்கி, திரும்ப விரித்துக் கட்டுவார்.

"நேத்து நான் ரெண்டாவது நடையில வந்தேன்மா," என்றார் முட்டைக்காரர். "கிளம்பினதிலேருந்து நிழல்தான். ஜம்முனு இருந்துச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது.

"அப்போ நான் வர்ற நடைக்கு மட்டும்தானா? அண்ணே, என் மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"பின்னே?"

அவர் இன்ஜினைக் கிளப்பினார். அந்தச் சத்தத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டிலும் அவளுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. ஆள் இருந்தார், பதில்தான் இல்லை. அம்மா இறந்த அன்று ஆத்திரத்தில் அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அவரும் திருப்பி ஒன்று சொன்னார். அதோடு சரி. ஒரு வருஷம் ஓடிவிட்டது.

காலையில் அவருக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்புவாள். மாடியில் அவர் அறைக் கதவு சாத்தியே இருக்கும். சாயங்காலம் வந்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

அன்று மாலையும் அந்தத் தட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். நான் இல்லாமல் போனால் இங்கே யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று யோசித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பார்த்து வைத்திருந்த அறைக்கு, வருகிறேன் என்று போன் செய்துவிட்டாள்.

மறுநாள் படகில் ஏறியதும் சொன்னாள்: "அண்ணே, இன்னிக்குத் துணியில கை வெச்சீங்கன்னா நான் இறங்கிடுவேன்."

"கொஞ்ச நேரம்தானேம்மா. மிதவை வரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?"

"மாட்டேன். இனிமே உங்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அக்கரையில ரூம் பார்த்துட்டேன். இன்னிக்குச் சாவி வாங்கறேன். ஞாயித்துக்கிழமை பெட்டியோட போயிடுவேன். அப்புறம் உங்க துணியாச்சு, உங்க காத்தாச்சு."

படகுக்காரர் கை அந்தரத்தில் நின்றது.

"அப்பா?"

"அவருக்கென்ன? நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா."

"எங்க வீட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் கரைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"விடுய்யா," என்றார் முட்டைக்காரர். "தைச்ச புண்ணியத்துக்கு ஒரு நாளாவது நிழல்ல உட்கார்ந்து வரட்டும். கூடவே என் முட்டையும் பிழைச்சுக்கும்."

துணியை அப்படியே விட்டுவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தார் படகுக்காரர்.

படகு கிளம்பியது. தலைக்கு மேல் நிழல். முகத்தில் வெயில் இல்லை. ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மிதவை வருவதற்குள் படகுக்காரரின் போன் அடித்தது. எட்டிப் பார்த்தார். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது.

"எடுய்யா," என்றார் முட்டைக்காரர். "வீட்டம்மாவா? அவ்வளவு பயமா?"

படகுக்காரர் இன்ஜினை அணைத்தார். ஏரி சட்டென்று அமைதியானது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னுதான் வாக்குக் கொடுத்திருக்கேன்," என்று தனக்குத்தானே முணுமுணுத்தபடி, போனை அவள் பக்கம் திருப்பி ஸ்பீக்கரை அழுத்தினார்.

மூச்சு வாங்கும் குரல். ஒரு வருஷமாக அவள் கேட்காத குரல்.

"ஏன் தம்பி, இன்னிக்குத் துணியை அவிழ்க்கலையா? மாடியிலேருந்து எட்டி எட்டிப் பார்க்கிறேன், பொண்ணு தலையே தெரியலையே. ஏறினாளா, இல்லை உடம்புக்கு ஏதாவதா?... நான் கேட்டேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதே."