சிரிப்பு பத்தல

துணி அலமாரிக்குள் தொங்கும் சட்டைகளுக்கு நடுவே அவன் குந்தியிருக்கிறான். எதிரொலி வராமலிருக்க வேறு வழியில்லை. மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று, மூக்கு நுனியில் வியர்வை திரண்டு நிற்கிறது. கதவிடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில். வேலை போனபின் குரல் கொடுக்கக் கிடைத்த முதல் விளம்பரம் இது. "குரல்ல சிரிப்பு பத்தல" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிரிப்பு வேண்டுமாம், சிரிப்பு! பல்லை இளித்துக்கொண்டே போனில் பேசிப் பதிவுசெய்கிறான்: "எங்கள் வீட்டில் தினமும் மகிழ்ச்சிதான்!" ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கிறான். நன்றாகவே வந்திருக்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் மட்டும் மெல்லிய விசும்பல். கதவைத் திறக்கிறான். கட்டிலில் மனைவி அவசரமாக முகத்தைத் துடைக்கிறாள். "சத்தம் அதுல விழுந்துடுச்சாங்க? இன்னொரு தடவை பேசுங்க. இந்த முறை வாயைப் பொத்திக்கிறேன்."