ரோசாப்பூவும் பச்சமொளகாவும்

"இந்த ரோசாப்பூவ குரூப்ப விட்டுத் தூக்குங்க. இல்லாட்டி நான் போயிடறேன்."

பச்சமொளகா மறுபடியும் எழுதியிருந்தாள். சுகுணா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, போனைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

'தருமபுரி களிச்சட்டி' என்ற அந்த வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவள் அவள்தான். ராகி, சாமை, தினை சமைக்கிற பெண்கள் ஒருவருக்கொருவர் பக்குவம் சொல்லிக்கொள்ளட்டும், அப்படியே நாலு இடத்தில் கடை போட்டு விற்கட்டும் என்பது அவள் ஆசை. ஆனால் குழுவில் பொழுது விடிந்தால் ஓடுவது பச்சமொளகாவும் ரோசாப்பூவும் போடுகிற சண்டைதான். உண்மைப் பெயரை இரண்டு பேருமே சொன்னதில்லை. அரூர்ப் பக்கத்துப் பெண்கள் என்று மட்டும் தெரியும்.

சண்டை எதற்கு? ராகிக் களிக்கு அரிசி நொய் போடுவதா, வேண்டாமா என்பதற்கு. நொய் போடாமல் கிண்டினால் அது களியில்லை, சுவருக்குப் பூசுகிற சாந்து என்பாள் ரோசாப்பூ. நொய் போட்டால் அது காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற கஞ்சி என்பாள் பச்சமொளகா. ஒருத்தி எழுதி மற்றவள் பதில் போடாமல் விட்டதே கிடையாது. குழுவும் நொய்க் கட்சி, நொய்யில்லாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து வேடிக்கை பார்த்தது.

அன்று காலையில்கூட ரோசாப்பூ களியைச் சட்டியோடு படம் எடுத்துப் போட்டாள். அடிப்பிடித்த வாசனை இங்கே வரைக்கும் வருகிறது, மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று உடனே பச்சமொளகாவிடமிருந்து பதில் வந்தது. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

முதலில் சுகுணாவும் சிரித்தவள்தான். இப்போது எரிச்சல் தலைக்கேறியிருந்தது. காரணம், முந்தின நாள் நடந்த சிறுதானியத் திருவிழா. அலையாய் அலைந்து குழுவுக்கென்று அங்கே கடை போட ஓர் இடம் வாங்கியிருந்தாள். கடைசி நேரத்தில் மண்டபத்தை மாற்றிவிட்டார்கள். அவள் போட்ட செய்தி, இந்த இரண்டு பேரின் நொய்ச் சண்டைக்குள் எங்கேயோ புதைந்து போயிற்று.

பாலக்கோட்டிலிருந்து குண்டான் குண்டானாகக் களி கிண்டி எடுத்து வந்த பெண்கள், பூட்டிக் கிடந்த பழைய மண்டபத்து வாசலில் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். இதுகள் விளையாட்டுக்கு நாங்கள் ஏன் சீரழிய வேண்டும் என்று அவர்களில் கோகிலவாணி எழுதிவிட்டு வெளியேறினாள். அவள் பின்னாலேயே இன்னும் சிலர் கிளம்பினார்கள். இப்படியே போனால் குழு என்று ஒன்று இருக்காது.

சொன்னால் கேட்கிற ஜென்மங்களும் இல்லை. சுகுணா கெஞ்சிப் பார்த்தாயிற்று, திட்டியும் பார்த்தாயிற்று. ஒருத்தி போனால் இன்னொருத்தி தானாக அடங்கிவிடுவாள் என்று தோன்றியது. அதைத்தானே பச்சமொளகாவும் கேட்கிறாள்? ரோசாப்பூவைக் குழுவிலிருந்து நீக்கினாள்.

பச்சமொளகாவிடமிருந்து ஒரு நன்றிகூட வரவில்லை. அதற்குப் பிறகு அவள் எதுவுமே எழுதவில்லை. விட்டது தொல்லை என்று சுகுணா துணி வெட்ட உட்கார்ந்தாள்.

மறுநாள் மதியம் சுகுணாவின் தையல்கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பெயர் மேனகா என்றாள். குழுவில் போட்டிருந்த கடை விலாசத்தைப் பார்த்து, பல் வலிக்கு ஆஸ்பத்திரி போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"நாந்தாங்கக்கா பச்சமொளகா. ரோசாப்பூவ மறுபடி சேத்துடுங்கக்கா."

சுகுணாவுக்கு வந்ததே கோபம். தூக்கச் சொன்னதும் நீ, சேர்க்கச் சொல்வதும் நீயா, குழு என்ன உங்கள் வீட்டு விளையாட்டுச் சாமானா என்று பொரிந்து தள்ளினாள். பாலக்கோட்டுப் பெண்கள் குண்டானோடு நின்ற கதையையும் சொன்னாள். மேனகா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

அதெல்லாம் தப்புதான், இனிமேல் அறிவிப்பு வருகிற நாளில் வாயே திறக்க மாட்டோம் என்றாள். தூக்கச் சொன்னது சும்மா வம்புக்கு, நிஜமாகவே தூக்கிவிடுவீர்கள் என்று நினைக்கவில்லை என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

களிச் சண்டைக்கு யாராவது அழுவார்களா என்று சுகுணாவுக்குப் புரியவில்லை. குரல் கொஞ்சம் இறங்கியதே தவிர மனசு மசியவில்லை. அவ்வளவு சிநேகம் என்றால் அதற்குக் குழு எதற்கு?

"ரெண்டு பேரும் தனியா போன் பண்ணிப் பேசிக்கங்களேன்."

"வூட்ல போன வாங்கி நோண்டிப் பாப்பாங்கக்கா. குரூப்புன்னா சமையல்தானன்னு விட்டுடுவாங்க."

"அப்ப நேர்ல போயி பாரு. அவளும் அரூர்தான? வூடு எங்க?"

மேனகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வூடுதாங்கக்கா. என் ஓரகத்தி. அண்ணன் தம்பிக்குள்ள பேச்சில்லன்னு எங்களையும் பேசக்கூடாதுன்னுட்டாங்க."